படத்தில் இருப்பது சோகமா, மூடுபனியா?

"பாருங்க மேடம், பாப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அந்த அம்மா செல்போனை நீட்டினார். சேலத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். பிள்ளை வரைந்த படத்தோடு பதறி வரும் பெற்றோரை அடிக்கடி பார்க்கிறேன். (இவர்களின் அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பத்தாவது படிக்கும் பெண் வரைந்தது. சாம்பல் நிறப் பனி, நெட்டை நெட்டையாக சில்வர் ஓக் மரங்கள், நடுவே முதுகைக் காட்டி நடக்கும் ஒரு பெண், வழியோரச் செடிகளில் வெள்ளைப் பூ. பனி என்றால் மனச்சோர்வு, முகம் இல்லாவிட்டால் தன்னையே வெறுப்பது, வெள்ளைப் பூ என்றால் சாவு. ஏதோ வீடியோ பார்த்து அம்மாவே முடிவுகட்டியிருந்தார்.

மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதுல என்ன நடக்குது கண்ணு?"

"அம்மாயிங்க. ஏற்காட்டுல எஸ்டேட் வேலைக்குப் போகும். லீவுல நானும் பின்னாடியே போவேன்."

அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. பின்னால் போகும் குழந்தைக்கு முதுகுதானே தெரியும்! பூ, காப்பிப் பூ. கோடை மழை விழுந்ததும் தோட்டமே வெளுத்து மல்லிகை மாதிரி மணக்கும், சில நாளில் உதிர்ந்துவிடும். அம்மாயி போன வருஷம் தவறிவிட்டார். படத்தில் ஏக்கம் இருந்தது, உண்மைதான். ஆனால் ஏக்கம் நோய் இல்லை.

ரவி வர்மாவின் சகுந்தலையைப் பாருங்கள். காட்டுவழியில் காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் திரும்பிப் பார்க்கிறாள். கதை தெரியாதவருக்கு அது வெறும் முள். தெரிந்தவருக்கோ, துஷ்யந்தனை இன்னொரு தடவை பார்க்க அவள் தேடிய சாக்கு. உங்கள் பிள்ளையின் படத்துக்கும் கதை உண்டு, அது பிள்ளையிடம்தான் இருக்கிறது. "ஏன் இவ்வளவு சோகமா வரைஞ்சே?" என்று ஆரம்பித்தால் வாயே திறக்காது.

அப்புறம், வண்ண வண்ணமாக வரையும் பிள்ளை உள்ளுக்குள் தவிப்பதும் உண்டு. அதனால் படத்தைவிட நாட்களைக் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் கூட்டி வாருங்கள். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "அம்மாயி தலையில பச்சைத் துண்டு கட்டியிருக்குமே, அதை விட்டுட்டியே சாமி" என்றார் மகளிடம்.