எடைச் சீட்டு மங்கினால் டெபாசிட்டும் போகும்

பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கேட்டுப் போகும் இடத்தில் ஒரு டெபாசிட்டும் கட்டச் சொன்னால், அதை இன்னொரு வரியாகவே பலரும் நினைக்கிறார்கள். அது வரி அல்ல. இடிபாட்டை மறுசுழற்சிக்கு அனுப்பியதற்கு ஆதாரம் காட்டினால் திரும்பி வரும் பணம். அமெரிக்காவின் சான் ஹோசே நகரம் 2001-லேயே இதைக் கொண்டுவந்தது.

நான் மேற்பார்த்த ஒரு வேலையில் கான்கிரீட், கம்பி, மரம் எல்லாம் முறையாகத்தான் போயின. ஆனால் அதற்கு ஆதாரமாக, ஒவ்வொரு லோடையும் எடைபோட்டுத் தந்த எடைச் சீட்டுகள் வாரக்கணக்கில் லாரியின் முன்கண்ணாடி அருகே வெயிலில் கிடந்தன. சூடுபட்டால் கறுக்கும் தாள் அது. கையில் வாங்கியபோது பாதிச் சீட்டுகளில் எடை எவ்வளவு என்றே தெரியவில்லை. அனுமதி எண் குறிக்காத லோடுகளை, இடிபாட்டை நொறுக்கி ஜல்லியாக்கும் நிலையத்தின் கணக்கிலும் தேட முடியவில்லை. உரிமையாளருக்கு டெபாசிட்டில் ஒரு பகுதிதான் திரும்பியது. முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் வண்டி எடைமேடையை விட்டு இறங்கியதும் அனுமதி எண்ணோடு சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது, இடிக்கும் வரிசை. கதவு, ஜன்னல், ஒயர், பைப், ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் கழற்றி வெளியேற்றிய பிறகுதான் சுவரில் கை வைக்க வேண்டும். ஜிப்சம் பலகையில் இருப்பது சல்பேட். அது கான்கிரீட் துண்டுகளோடு கலந்து ஜல்லியாகிவிட்டால், பின்னால் சிமென்ட்டோடு வினைபுரிந்து உப்பி விரிசல் விடும். அதனால்தான் கலந்த லோடை நிலையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள், இல்லையென்றால் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். அதே பலகை குப்பைமேட்டில் காற்றுப்படாமல் ஈரத்தில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சுத்தமான கான்கிரீட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. நொறுக்கி, காந்தத்தால் கம்பியை இழுத்து, சலித்தால் சாலையின் அடித்தளத்துக்கு ஆகும். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,400 கிலோ என்பதால் மறுசுழற்சிக்குப் போன எடைக் கணக்கும் சட்டென்று ஏறும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடுகளை மட்டும் உடைக்கவே கூடாது, அவற்றை அகற்றத் தனி அனுமதி பெற்றவர்கள்தான் வர வேண்டும்.

டெபாசிட் கட்டுவது பெரும்பாலும் உரிமையாளர். சீட்டு இருப்பதோ ஒப்பந்தக்காரர் கையில். அவருக்குப் பணம் செட்டிலாகிவிட்டால் சீட்டைத் தேடித் தர யாருக்கு அவசரம்? அத்தனை சீட்டுகளும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். திரும்பக் கேட்பதற்கான கெடு தேதியையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.