கைப்பேசி அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

நூலகத்தில் முதியோருக்கான தொழில்நுட்ப உதவி நேரத்தை ஒருங்கிணைத்து வரும் நூலகர் என்ற முறையில், புதிதாக வரும் ஒவ்வொரு தன்னார்வலரிடமும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, எதிரில் அமர்ந்திருப்பவரின் கைப்பேசியைத் தம் கையில் வாங்க வேண்டாம் என்பதைத்தான். "கொடுங்க ஐயா, நான் பண்ணித் தர்றேன்" என்று வாங்கி, நான்கைந்து விநாடிகளில் வேலையை முடித்துக் கொடுப்பது உதவி போலத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பெரியவர் கண்டது ஒரு விரல் விரைவாக ஓடியதை மட்டுமே. அடுத்த வாரம் அவர் அதே சிக்கலோடும், "எனக்கு இதெல்லாம் வராதப்பா" என்ற எண்ணம் முன்னைவிட வலுப்பட்ட நிலையிலும் திரும்பி வருவார்.

ஒரு நாள், ஓர் அம்மையார் தம் மகளின் படத்தை உறவினர் ஒருவருக்கு அனுப்பக் கற்றுக்கொண்டிருந்தார். தன்னார்வலர் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி கைப்பேசியைப் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. மூன்றாவது முறையும் அணைந்தபோது அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் எதையோ கெடுத்துட்டேன் போல" என்றார். அவர் எதையும் கெடுக்கவில்லை. பல கைப்பேசிகளில் திரை அணையும் நேரம் அரை நிமிடமாகவே வைக்கப்பட்டிருக்கும். படித்து, யோசித்து, எழுதி, பிறகு தொடுகிற ஒருவருக்கு அது போதாது. அமைப்புகளில் அதை இரண்டு நிமிடமாகவோ ஐந்து நிமிடமாகவோ மாற்றிக்கொள்ள அவருக்கே வழிகாட்டியபின், அன்றைய பாடம் தடையின்றி நடந்தது. அதுவரை தம் மூளையின் குறை என்று அவர் நம்பியிருந்தது இந்த ஒரு அமைப்பைத்தான்.

விரல்களின் கதையும் இதுபோன்றதே. தொடுதிரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. தோலின் மின்கடத்தும் தன்மையால் ஏற்படும் சிறு மாற்றத்தையே உணர்கிறது. வயதாக ஆகத் தோல் உலர்ந்து போவதால், மெல்லத் தொட்டால் திரை சில நேரம் பதிலளிப்பதில்லை. உடனே அவர்கள் பழைய பொத்தான்களை அழுத்திய பழக்கத்தில் ஊன்றி அழுத்துகிறார்கள். கைப்பேசியோ அதை நீண்ட தொடுதலாக எடுத்துக்கொண்டு செயலியின் படத்தை இடம் மாற்றவும் நீக்கவும் ஆயத்தமாகிவிடுகிறது. 'வாட்ஸ்அப் காணாமல் போய்விட்டது' என்று வருபவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். அமைப்புகளில் உள்ள அணுகல்தன்மைப் பகுதியில், எவ்வளவு நேரம் தொட்டால் அதை நீண்ட தொடுதலாகக் கொள்ள வேண்டும் என்பதை மாற்றலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது பெரும் நிம்மதி. இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் அமைப்பே, வலைத்தளங்களில் தொட வேண்டிய இடங்களுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை 2023-ல் தன் வழிகாட்டியில் சேர்த்தது. பொத்தானைச் சிறிதாக வடிவமைத்துவிட்டு விரலைக் குறை சொல்ல முடியாது என்பதை நான் தன்னார்வலர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுகிறேன்.

கண்ணைப் பற்றியும் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். 20 வயதில் விழித்திரையைச் சென்றடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சென்றடைகிறது. ஆகவே எழுத்தைப் பெரிதாக்குவதோடு, திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவதும், விளக்குக்கு அருகில் இடம் பிடிப்பதும் பாடத்தின் பகுதிகளே. காதில் முதலில் குறைவது உச்ச சுருதியில் எழும் ஒலிகளைக் கேட்கும் திறன் என்பதால், குரலை உயர்த்திக் கத்துவதைவிட, முகம் பார்த்து, நிதானமாக, தணிந்த சுருதியில் பேசுவதே புரியும்.

எதை முதலில் கற்றுத்தருவது என்று கேட்பவர்களுக்கு என் பதில், திரும்பி வரும் வழி. எங்கே போய்ச் சிக்கிக்கொண்டாலும் முகப்புத் திரைக்கு எப்படி வருவது என்று தெரிந்துவிட்டால், அச்சம் பாதி குறையும். அச்சம் குறைந்தவர் தாமே தொட்டுப் பார்க்கத் தொடங்குவார். அடுத்து, குறிப்பேடு. அதை அவர்களே, அவர்கள் சொற்களில் எழுத வேண்டும். ஓர் அம்மையாரின் குறிப்பேட்டில், "மேலே மூணு புள்ளி, எல்லாம் அங்கேதான் ஒளிஞ்சிருக்கு" என்று எழுதியிருந்ததைக் கண்ட தன்னார்வலர், அதை அடித்துவிட்டு 'மெனு' என்று எழுதப் போனார், நான் தடுத்தேன். வீட்டில் தனியாக அமர்ந்து படிக்கும்போது அவருக்கு வழிகாட்டப் போவது அவருடைய சொல்தான். ஒரு நாளைக்கு ஒரு செயல் போதும்; அதை மூன்று முறை அவரே செய்ய வேண்டும், மூன்றாம் முறை நாம் வாய் திறக்கக் கூடாது. இந்த மௌனம்தான் இளைஞர்களுக்குக் கடினமாக இருக்கிறது.

வருகிற சிக்கல்களில் மறந்துபோன கடவுச்சொல்லே மிகுதி. தன்னார்வலர் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. தட்டச்சு செய்யும் நேரத்தில் முகத்தை வெளிப்படையாகத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதைப் பார்க்கும் பெரியவர், இது யாரும் பார்க்கக் கூடாத ஒன்று என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக வைப்பதை நான் தவறென்று சொல்வதில்லை. நினைவில் நிற்காத ஒருவர் எல்லாவற்றுக்கும் ஒரே எளிய சொல்லை வைப்பதைவிட அது மேல். நூலகத்தின் பொதுக் கணினியில் என்றால், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்லி, வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, பதிவிறக்கிய கோப்புகளை நீக்கிவிட்டு எழுவதையும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கையாலேயே செய்ய வைக்கிறோம்.

மோசடி குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் வந்த குரலை நம்பி ஓடிபி எண்ணைச் சொல்லிப் பணத்தை இழந்த ஒருவர், அதைப் பிள்ளைகளிடம் மூன்று வாரங்களாகச் சொல்லாமல் எங்களிடம் வந்து தலைகுனிந்தபடி சொன்னார். அந்த மூன்று வாரங்கள்தான் பெரிய இழப்பு. உடனே வங்கிக்குத் தெரிவித்திருந்தால் பணத்தை மீட்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்திருக்கும். "இது கூடத் தெரியாதா" என்ற பேச்சு வீட்டில் எழும் என்ற பயமே அவர் வாயைக் கட்டியது. எனவே ஏமாறாமல் இருக்கக் கற்றுத்தருவதோடு, ஏமாந்துவிட்டால் அன்றே சொல்லலாம், இங்கே யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையையும் தர வேண்டும். அவசரப்படுத்துகிறவர், ஓடிபி கேட்கிறவர், திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்கிறவர் ஆகிய மூவரிடமும் பேச்சைத் தொடராமல் அழைப்பைத் துண்டிப்பதை நாங்கள் நடித்தே காட்டிப் பழக்குகிறோம். மரியாதை கருதிப் பேச்சை முறிக்கத் தயங்கும் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் தேவை.

தன்னார்வலருக்கும் எல்லை உண்டு. பணம் அனுப்புவது, வங்கிக் கணக்கில் நுழைவது போன்றவற்றை அவர்கள் சார்பில் செய்யக் கூடாது. உடன் வரும் பிள்ளைகள் பெற்றோருக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், கேள்வியைப் பணிவாகப் பெரியவரிடமே மறுபடி வைக்க வேண்டும்.

யுனெஸ்கோ 1949-ல் முதன்முதலாக வெளியிட்டு, 2022-ல் புதுப்பிக்கப்பட்ட பொது நூலக அறிக்கை, வயது முதலிய வேறுபாடு எதுவுமின்றி எல்லோருக்கும் சமமான சேவையைக் கோருகிறது. எதையும் விற்காத, எவரையும் விரைவுபடுத்தாத இடம் என்பதால்தான் முதியோர் நூலகத்துக்கு நம்பி வருகிறார்கள்.

உங்களால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் முடியும் என்றாலும் தயங்காமல் உங்கள் நூலகரிடம் சொல்லுங்கள்; ஆனால் அது ஒரே கிழமையாக, ஒரே நேரமாக இருக்கட்டும், வர இயலாத வாரத்தில் முன்கூட்டியே தெரிவியுங்கள். தன்னார்வலர் ஒருவர் சொல்லாமல் வராது போன ஒரு நாளில், ஐந்து கேள்விகளை வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், மூடும் நேரம் வரை அந்த மேசையிலேயே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.