சட்டைப்பையில் 12 டிகிரி: நிலக்காட்சி எடுப்பவருக்கு ஒரு திசைகாட்டி

ஏரியின் எதிர்க்கரையில் இரண்டு குன்றுகள், நடுவில் சின்னதாக ஒரு கணவாய். பட்டப்பகலில் அங்கே முதன்முறை போய் நின்றபோதே மனத்தில் படம் விழுந்துவிட்டது. சூரியன் அந்தக் கணவாயில் எழுந்தால் தண்ணீரில் என் காலடிவரை ஒரு பொன்கோடு வரும். திசைகாட்டியை மார்புக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். 90 டிகிரி. வடக்கை 0 என்று வைத்து வலப்பக்கமாக எண்ணினால் அச்சு அசலான கிழக்கு. மார்ச் 21 வாக்கில் வந்தால் போதும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த நாளில் மாணவர்கள் சிலரையும் அழைத்துக்கொண்டு இருட்டோடு இருட்டாகப் போய், முக்காலிகளை வரிசையாக நிறுத்திக் காத்திருந்தோம். சூரியன் வந்தது. கணவாயில் அல்ல, வலப்பக்கக் குன்றின் முதுகுக்குப் பின்னால். அது குன்றைத் தாண்டி மேலே வருவதற்குள் வானத்து நிறமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்முன் அதே இடத்தில் மறுபடியும் அளந்தேன். இந்த முறை மேல்சட்டையைக் கழற்றி வைத்திருந்தேன். 78. சட்டையை மாட்டிக்கொண்டு பார்த்தால் மீண்டும் 90. மார்புப்பையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை ஃபில்டர்கள் மூன்று இருந்தன. 12 டிகிரியைச் சட்டைப்பையிலேயே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

12 டிகிரி என்றால் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் உண்டு. கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. சாண் விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சுமார் 20. சூரியனின் அகலமோ வெறும் அரை டிகிரி. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது உதிக்கும் இடம் நாளுக்கு நாள் கிட்டத்தட்ட தன் அகலம் அளவுக்கு நகரும். ஆக, 12 டிகிரி பிழை என்றால் காலண்டரில் ஒரு மாதப் பிழை.

‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்று படித்ததை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். சரியாகக் கிழக்கில் அது உதிப்பது வருடத்தில் இரண்டே நாள்தான். நிலநடுக்கோட்டுப் பக்கம் உதயப்புள்ளி ஒரு வருடத்தில் 66 டிகிரிக்கும் 114 டிகிரிக்கும் இடையே போய்வரும். 50 டிகிரி அட்சரேகையில் அது ஏறத்தாழ 52-லிருந்து 128 வரை. 60-க்குப் போனால் 37-லிருந்து 143 வரை விரிந்துவிடும். இவ்வளவு அகலமான அடிவானத்தில் ‘அந்தப் பக்கமாகத்தான் வரும்’ என்று கையைக் காட்டுவதை வைத்துக்கொண்டு படம் எடுக்க முடியாது.

இதற்கெல்லாம் போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எத்தனை டிகிரியில் சூரியன் என்று அது துல்லியமாகச் சொல்லும். அந்த எண் கணக்கிலிருந்து வருவது, அதில் தவறு வராது. அந்த எண்ணை எதிரே இருக்கும் மலையில் எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் போன் நம்பியிருப்பதும் ஒரு காந்த உணரியைத்தான். ஸ்பீக்கருக்குள் ஒரு காந்தம், உறையில் ஒரு காந்தம், காரில் ஒட்டிவைக்க இன்னொரு காந்தம். காற்றில் எட்டு வரைந்து சரிசெய்யாமல் விட்டால் ஒரே இடத்தில் நின்று மூன்று தடவை பார்த்தால் மூன்று எண் காட்டும். குளிரில் பேட்டரி இறங்கும் கதை தனி. அதனால் எண்ணுக்கு ஆப், அதை நிலத்தில் வைக்கத் திசைகாட்டி என்று பிரித்துக்கொண்டேன்.

சரி, எந்தத் திசைகாட்டி? சாவிக்கொத்திலும் பட்டன் அளவிலும் வருபவை வேண்டாம். ‘வடக்கு அந்தப் பக்கம்’ என்பதைத் தாண்டி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது. ராணுவ பாணியில் உலோக மூடியும் லென்ஸும் வைத்தது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கனமாகவும் இருக்கும். அந்த வகையில் பலவும், டிகிரிக்குப் பதிலாக, வட்டத்தை 6400 பங்காகப் பிரித்த அளவையே முன்னால் காட்டும். நமக்கு அது வீண் குழப்பம்.

போதுமானது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தட்டின் மேல் சுழலும் வளையம் பொருத்திய சாதாரண வகைதான். மலையேறுபவர்களும் வரைபடம் வைத்து ஓடும் போட்டிக்காரர்களும் வைத்திருப்பது. முள் இருக்கும் குமிழிக்குள் திரவம் நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் முள் ஆடிக்கொண்டே இருக்காமல் சில விநாடிகளில் நிற்கும். வளையத்தில் 2 டிகிரிக்கு ஒரு கோடு இருக்கட்டும், 5 டிகிரிக்கு ஒன்று என்றால் விட்டுவிடுங்கள். காந்த விலக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள இடைவெளியை, திருத்திவைக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். மூடியில் முகம்பார்க்கும் கண்ணாடி பதித்தது இன்னும் துல்லியம். தூரத்துச் சிகரத்தையும் முள்ளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். அப்புறம், லென்ஸின் முன்பக்கம் தூசு இருக்கிறதா என்று பார்க்கவும் அந்தக் கண்ணாடி எனக்கு உதவியிருக்கிறது!

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். தட்டைச் சமமாக வைத்து முள் காட்டும் எண்ணைப் பாருங்கள். ஓர் இரும்புச் சாவியைப் பக்கத்தில் கொண்டுவந்து முள்ளை இழுத்துவிட்டு, சாவியைத் தூர எடுங்கள். முள் அதே எண்ணுக்குத் திரும்ப வேண்டும். மூன்று முறை செய்து மூன்று எண் வந்தால் ஊசிமுனையில் உராய்வு இருக்கிறது என்று அர்த்தம். நாலைந்து திசைகாட்டிகளை மேசையில் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள், ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். வேறு கண்டத்துக்குப் பயணம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூமியின் காந்தப்புலம் கிடையாக மட்டும் இருப்பதில்லை, முள்ளைக் கீழ்நோக்கியும் இழுக்கும். வடகோளத்துக்குச் சமன்செய்த முள் தென்கோளத்தில் ஒருபக்கம் சாய்ந்து தட்டிக்கொள்ளும். அடிக்கடி பறப்பவர்கள் எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் முள் உள்ளதைக் கேட்டு வாங்குவது நல்லது.

பயன்படுத்துவதில் வித்தை ஒன்றுமில்லை. தட்டைச் சமமாகப் பிடித்து, அதன் முன்னம்பை மலைக்கோ மரத்துக்கோ நேரே காட்டுங்கள். வளையத்தின் அடியில் வரைந்திருக்கும் அம்புக்கூட்டுக்குள் முள்ளின் சிவப்பு முனை வந்து உட்காரும்வரை வளையத்தைத் திருப்புங்கள். முன்னம்பின் அடியில் வரும் எண்தான் அந்த இலக்கின் திசைக்கோணம். கையில் எண் இருக்கிறது, திசைதான் வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்யுங்கள். வளையத்தில் எண்ணை வைத்துவிட்டு, முள் கூட்டுக்குள் வரும்வரை நீங்கள் உங்களையே திருப்புங்கள். முள்ளைத் திருப்பப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அளக்கும்முன் உங்களையே சோதனை போட்டுக்கொள்ளுங்கள். முக்காலியின் அலுமினியமும் கார்பன் குழாயும் முள்ளை இழுக்காது. அதன் தலையில் இருக்கும் எஃகுத் திருகுகளும் சுருள்வில்லும் இழுக்கலாம். கேமரா, மோட்டார் உள்ள லென்ஸ், இயர்போன், காந்தப் பூட்டு வைத்த பை, கைக்கடிகாரம், இரும்புத்தூள் அடைத்த கைசூடாக்கி என்று நம் உடம்பே ஒரு சின்ன இரும்புக்கடை. நான் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு ஐந்தாறு தப்படி தள்ளிப் போய் அளக்கிறேன். காரிலிருந்தும் கம்பிவேலியிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் இன்னும் தூரமாக. இரும்புச்சத்து மிகுந்த எரிமலைப் பாறைமேல் நின்றால் பாறையே ஏமாற்றும். அதனால் இருபது தப்படி நகர்ந்து, தூரத்தில் இருக்கும் அதே இலக்கை மறுபடி அளந்து பார்ப்பேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் எழுதுவேன்.

அடுத்து, பலரும் கோட்டைவிடும் இடம். ஆப் சொல்லும் திசைக்கோணம் பெரும்பாலும் பூமியின் அச்சு குறிக்கும் உண்மை வடக்கிலிருந்து கணக்கிட்டது. முள் காட்டுவது காந்த வடக்கு. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் காந்த விலக்கம். அது இடத்துக்கு இடம் மாறும். லண்டனில் இப்போது அது ஒரு டிகிரி வாக்கில், கண்டுகொள்ளாமல் விடலாம். சியாட்டில் பக்கம் ஏறத்தாழ 15 டிகிரி கிழக்கே, நியூயார்க் பக்கம் ஏறத்தாழ 13 டிகிரி மேற்கே. விலக்கம் கிழக்கு என்றால் திசைகாட்டி எண்ணோடு கூட்டினால் உண்மைத் திசை வரும், மேற்கு என்றால் கழிக்க வேண்டும். காலத்தோடும் இது மாறிக்கொண்டிருக்கிறது. 1831-இல் பிரிட்டிஷ் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வட கோடியில் கண்டுபிடித்த வட காந்த முனை இப்போது சைபீரியாவை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பூமியின் காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும் உலகக் காந்த மாதிரியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். பழைய வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட விலக்கத்தை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் (NOAA) இணையக் கணிப்பானில் இடத்தைக் கொடுத்தால் இன்றைய எண் இலவசமாகக் கிடைக்கும். வீட்டிலேயே பார்த்து, திசைகாட்டியில் திருத்தி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் ஏரிக்கரையில் விலக்கம் ஒரு டிகிரிக்கும் குறைவு. அதை மறந்தும் தப்பித்தேன். ஆனால் இன்னொன்று இருந்தது, குன்றின் உயரம். ஆப் சொல்லும் உதயத்திசை தட்டையான அடிவானத்துக்கானது. சூரியன் செங்குத்தாக ஏறுவது நிலநடுக்கோட்டுப் பக்கம்தான். வடகோளத்தில் மேலே போகப் போக அது வலப்பக்கம் சாய்ந்துகொண்டு ஏறும், தென்கோளத்தில் இடப்பக்கம். எவ்வளவு சாயும் என்பதற்கு நான் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறேன். 45 டிகிரி அட்சரேகையில் மலை எத்தனை டிகிரி உயரமோ ஏறத்தாழ அத்தனை டிகிரி பக்கவாட்டில் நகரும். 30-இல் அதில் பாதிக்குச் சற்று மேல். 10-இல் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மலையின் உயரத்தை நீட்டிய முட்டியால் அளந்துகொள்ளலாம். அந்தக் கணவாயின் அடி 4 டிகிரி உயரம், இடம் 30 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஆக, 78-இல் சூரியன் தெரிய வேண்டுமானால் தட்டை அடிவானத்தில் அது 76 வாக்கில் உதிக்க வேண்டும். இந்தத் திருத்தம் அரை நிமிட வேலை. செய்யாவிட்டால் நான்கைந்து நாள் தவறிப்போகும்.

எண் கைக்கு வந்ததும் வீட்டில் உட்கார்ந்தே லென்ஸையும் முடிவுசெய்துவிடலாம். முழு ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் கிடைவாட்டில் ஏறத்தாழ 74 டிகிரி பார்க்கும். 50 மி.மீ. 40 டிகிரி, 200 மி.மீ. வெறும் 10. தனிமரம் 60-இலும் சூரியன் 78-இலும் இருந்தால் 200-ஐத் தூக்கிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. போலரைசர் என்ற ஃபில்டர் வானத்தை அதிகமாகக் கருக்கவைப்பது சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில். காலையில் சூரியன் 78-இல் என்றால் 168-ஐயும் 348-ஐயும் ஒட்டிய வானம். அகல லென்ஸில் அந்தக் கருநீலம் ஒரு பட்டையாக நடுவில் விழுந்து படத்தைக் கெடுக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

நட்சத்திர வட்டம் எடுப்பவர்களுக்கு வேண்டியது காந்த வடக்கல்ல, உண்மை வடக்கு. வடகோளத்தில் துருவ நட்சத்திரம் அதிலிருந்து ஒரு டிகிரிக்குள் நிற்கிறது. மேகமில்லாத இரவில் திசைகாட்டியைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தென்கோளத்தில் அப்படிப் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் இல்லாததால் திசைகாட்டிதான் துணை. நிலவு வேறு ஜாதி. உதயநேரம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும், உதயப்புள்ளி ஒரே இரவில் பல டிகிரி தாவும். நேற்று அளந்ததை வைத்து இன்று நிலவுக்காக நிற்காதீர்கள்.

படத்தோடு சம்பந்தமில்லாத ஒரு பழக்கத்தையும் மாணவர்களிடம் கட்டாயப்படுத்துகிறேன். காரை விட்டு நடக்கத் தொடங்கும்போதே போகும் திசையை அளந்து எழுதுங்கள். அதோடு 180-ஐக் கூட்டினால், 180-க்கு மேல் இருந்தால் கழித்தால், திரும்பும் திசை. அஸ்தமனம் முடிந்து இருட்டில் திரும்பும்போது, அல்லது மூடுபனி இறங்கி பத்தடி தெரியாதபோது, அந்த எண் உங்களைப் பாதைப் பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போன் அணைந்துபோன ஒரு மாலையில் நான் அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

ஊருக்கு வந்ததும் திசைகாட்டியை போனோடும் ஸ்பீக்கரோடும் ஒரே அலமாரியில் போடாதீர்கள். வலுவான காந்தத்தின் அருகே கிடந்தால் முள்ளின் காந்தமே தலைகீழாகி, சிவப்பு முனை தெற்கைக் காட்டத் தொடங்கலாம். குமிழிக்குள் சின்னக் காற்றுக்குமிழ் உயரத்திலும் குளிரிலும் வந்துபோவது சகஜம். அது முள்ளைத் தொட்டு நிறுத்தும் அளவுக்கு வளர்ந்தால் மாற்றிவிட வேண்டும். என்னுடையதை இப்போது கழுத்துக்கயிறில் மாட்டி இடுப்புப்பைக்குள் தனியாக வைக்கிறேன். ஃபில்டர்கள் முதுகுப்பையின் அடியில்.

அந்தக் கணவாய்க்கு 76 என்று கணக்குப் போட்டதும் தேதிகள் கிடைத்தன. ஒரே திசைக்கோணம் வருடத்தில் இரண்டு முறை வரும், ஜூன் 21-க்கு இந்தப் பக்கம் ஒன்று, அதே அளவு தள்ளி அந்தப் பக்கம் ஒன்று. எனக்கு ஏப்ரல் 23, ஆகஸ்ட் 20 வாக்கில். ஏப்ரலில் போனேன், அடிவானம் முழுக்க மேகம். ஆகஸ்டில் பழைய மாணவர்களில் இருவர் மட்டும் வந்தார்கள். முக்காலியை வைக்கும்முன் இருவருமே என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.