டி டிரைவும் அதே பீரோதான்

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு அப்பாவும் மகனும் கடைக்கு வந்தார்கள். சிபியுவை அப்பாதான் தூக்கி வந்தார். மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். உள்ளே நுழைந்ததிலிருந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம். எந்தக் கூலிக்காரரிடம் எவ்வளவு வெள்ளி போனது, எத்தனை ஜோடி கொலுசாகத் திரும்பியது, சேதாரம் எவ்வளவு என்று 9 வருடக் கணக்கு அந்த மெஷினில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

"டி டிரைவ்லதானுங்களே வெச்சிருந்தோம்? விண்டோஸ்தானே ஃபார்மட் பண்ணாங்க?" என்றார்.

சேலத்தில் 14 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீசும் டேட்டா ரெக்கவரியும் செய்கிறேன். இந்தக் கேள்வியைக் கேட்காத மாதம் கிடையாது. ஆனால் இப்போது அது வந்து சேரும் வழி புதிது. கேம் பீட்டா, அதாவது கேம் முழுதாக வெளிவருவதற்கு முன் விடும் சோதனைப் பதிப்பு.

நடந்தது இதுதான். வேகமான ஒரு மல்டிபிளேயர் ஷூட்டரின் பீட்டா, அந்த வார இறுதிக்கு மட்டும் திறந்திருந்தது. நண்பர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை ராத்திரியே டவுன்லோட் போட்டுவிட்டார்கள். இவன் மெஷினில் மட்டும் கேம் திறக்கவில்லை. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை ஆன் செய்யச் சொன்னது. யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்து, விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் செட்டிங்குக்குள் போய், பழைய முறையில் விண்டோஸை எழுப்ப உதவும் சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டைப் போட்டு, சேவ் கொடுத்தான். விண்டோஸ் வரவில்லை. பூட் டிவைஸ் இல்லை என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அப்பாவுக்குத் தெரிவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்று, காலையில் கடை திறந்ததும் ஓர் இடத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறான். "ஃபார்மட் போட்டாத்தான் வரும் தம்பி" என்றார்கள். போட்டார்கள். விண்டோஸ் வந்தது, செக்யூர் பூட் ஆன் ஆனது, கேமும் ஓடியது. திங்கட்கிழமை அப்பா டேலியைத் திறக்கப் போனார்.

அந்தக் கறுப்புத் திரை வந்த நேரத்தில் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. திரும்பவும் பயாஸுக்குள் போய், செக்யூர் பூட்டை அணைத்து சிஎஸ்எம்மை ஆன் செய்து, பழையபடி வைப்பது. அவ்வளவுதான். பழைய மாதிரியே விண்டோஸ் வந்திருக்கும். 9 வருடக் கணக்கும் இருந்த இடத்தில் இருந்திருக்கும்.

கேம் விளையாடுவதை நான் குறை சொல்லவில்லை. நானும் விளையாடுகிறவன்தான். 2025 ஆகஸ்டில் பேட்டில்ஃபீல்ட் 6 பீட்டா இரண்டு வார இறுதிகளுக்கு வந்தபோது, ஷட்டரை இறக்கிவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்து விளையாடினேன். முதல் நாள் சர்வருக்குள் நுழையவே நீண்ட வரிசை. ஸ்டீம் என்ற கேம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். உள்ளே போனதும் அசந்துதான் போனேன். சம்மட்டியால் அடித்தால் சுவர் இடிந்து வழி திறக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளியை மறைவுக்கு இழுத்துக்கொண்டே உயிர்ப்பிக்கலாம். சறுக்கிக்கொண்டே வந்து அந்த வேகத்திலேயே குதிக்கிறவர்களைக் குறி வைக்கத்தான் முடியவில்லை. பலரும் இதைச் சொல்லி, பீட்டாவுக்குப் பிறகு சறுக்கலிலிருந்து குதிக்கும்போது கிடைக்கும் வேகத்தைக் குறைத்தார்கள். பீட்டா இருப்பதே இதற்காகத்தான். அது சோதனைப் பதிப்பு. அவர்கள் கேமைச் சோதிக்கிறார்கள். நாம் வீட்டில் இருக்கும் ஒரே கணக்கு மெஷினை வைத்து அதில் கலந்துகொள்ளக் கூடாது.

செக்யூர் பூட் கேட்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. ஏமாற்றி விளையாட உதவும் புரோகிராம்களில் சில, விண்டோஸ் எழுவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு அவற்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மெஷின் எழும்போதே கையெழுத்துச் சரிபார்த்து, தெரியாத எதையும் ஏற்றாமல் தடுப்பது செக்யூர் பூட். பேட்டில்ஃபீல்ட் 6 அதைக் கட்டாயமாக்கியது. அதே வருடம் அக்டோபரில் வந்த கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 7 பீட்டாவும் கேட்டது. விண்டோஸ் 11-ல் வாலரண்ட் என்ற கேம் அதற்கு முன்பிருந்தே கேட்கிறது. இனி வரும் கேம்களும் கேட்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

டி டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் மெஷினைத் திறந்து பார்த்தால் உள்ளே சி என்று ஒரு பொருளும் டி என்று ஒரு பொருளும் இருக்காது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதற்குள் கோடு போட்டு, இந்தப் பக்கம் சி, அந்தப் பக்கம் டி என்று பிரித்திருக்கிறார்கள். ஒரே பீரோவின் மேல் தட்டும் கீழ்த் தட்டும் மாதிரி. மேல் தட்டை மட்டும் காலி செய்தால் கீழ்த் தட்டில் இருப்பது தப்பும், உண்மைதான். விண்டோஸ் கெட்டுப்போகும்போதெல்லாம் சி டிரைவை மட்டும் ஃபார்மட் போட்டு டி தப்பித்ததைப் பார்த்துப் பார்த்து, டி என்றால் லாக்கர் என்று ஒரு தலைமுறையே நம்பிவிட்டது. டிஸ்க் எரிந்தால் இரண்டும் போகும். திருடு போனால் இரண்டும் போகும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் பூட்டும்.

செக்யூர் பூட் விவகாரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. விண்டோஸ் 7 காலத்தில் போட்டு, அப்படியே 10-க்கு ஏற்றிய மெஷின்களில் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டுக்கு ஜிபிடி என்ற புது முறை வேண்டும். எதையும் அழிக்காமல் மாற்ற விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. ஆனால் டி, இ என்று லாஜிக்கல் பார்ட்டிஷனாக, அதாவது ஒரு பெரிய பகுதிக்குள் உட்பகுதிகளாக, பிரித்து வைத்திருந்தால் அது முடியாது என்று சொல்லிவிடும். நம் ஊரில் முக்கால்வாசிப் பழைய மெஷின்கள் அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அப்போது அவசரக்காரர்கள் எடுக்கும் குறுக்கு வழி, விண்டோஸ் போடும்போதே எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய்துவிட்டுப் புதிதாகப் பிரிப்பது. மேல் தட்டைச் சுத்தம் செய்கிற வேலை இல்லை இது. பீரோவையே உடைத்து வேறு பீரோ செய்கிற வேலை. அதில் டி என்ன, இ என்ன, எதுவும் மிஞ்சாது.

பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஃபார்மட்டுக்குப் பிறகும் ஓரளவு மீட்டுத் தர முடியும். சிப்பில் எழுதும் புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி என்றால் என் கையைக் கட்டிவிடும். டெலீட் ஆன இடங்களை டிரிம் என்ற கட்டளை வழியாக எஸ்எஸ்டி தானே துடைத்து வைத்துக்கொள்ளும். செவ்வாய்ப்பேட்டை மெஷினில் இருந்தது எஸ்எஸ்டி. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன். அவரை உட்கார வைத்துத்தான் சொன்னேன்.

லேப்டாப்பில் நடப்பது வேறு. ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மா, யாரோ லேப்டாப்பை ஹேக் செய்து நம்பர் கேட்கிறார்கள் என்று அழாத குறையாகப் போன் செய்தார். மகன் கேமுக்காக பயாஸில் கை வைத்திருக்கிறான். வீடியோவில் சொன்னபடி 'கிளியர் டிபிஎம்' கொடுத்திருக்கிறான். நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்கிறது. அது ஹேக் இல்லை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புது விண்டோஸ் 11 லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்வது இப்போது வழக்கம். அந்தப் பூட்டின் சாவியைக் காவல் காப்பது டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப். அதைத் துடைத்தால் மெஷின் உங்களிடம்தான் சாவியைக் கேட்கும்.

சாவி அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். யார் கணக்கு என்று கேட்டேன். லேப்டாப் விற்ற கடைப் பையன் தன் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறான்! அவன் வேலையை விட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் தேடிப் பிடித்து, அவன் எண்ணை வாசிக்க, நான் சரிபார்த்து அந்த அம்மாவுக்குச் சொல்ல, ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஆறாவது தொகுதியில் மலையில் சிக்னல் போனது. மறுபடி முதலிலிருந்து. திறந்தது. அவன் கிடைக்காமல் போயிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, யாராலும் முடியாது. காசு கொடுத்தால் பிட்லாக்கரை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிகளா, பயாஸைத் தொடுவதற்கு முன் விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடியுங்கள். பயாஸ் மோட் என்ற இடத்தில் யுஇஎஃப்ஐ (UEFI) என்று இருந்தால், அதாவது புது முறை என்றால், செக்யூர் பூட்டை மட்டும் ஆன் செய்தால் பெரும்பாலும் போதும். லெகசி (Legacy) என்று, அதாவது பழைய முறையில், இருந்தால் அன்றைக்கு பீட்டா வேண்டாம், நிறுத்துங்கள். லேப்டாப் என்றால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீயை, அந்த 48 இலக்க எண்ணை, பேப்பரில் எழுதி வையுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். கிளியர் டிபிஎம் பக்கமே போகாதீர்கள். பயாஸில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் திரையை போனில் ஒரு படம் எடுங்கள். மாற்றிய பிறகு எதுவும் வரவில்லையென்றால், படத்தைப் பார்த்துப் பழையபடி வையுங்கள். டிஸ்ப்ளேவே வரவில்லையா? பவரை எடுத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போட்டால் பயாஸ் ஆரம்ப நிலைக்குப் போகும். ஃபார்மட் என்ற வார்த்தையை யார் சொன்னாலும், முதலில் டேட்டாவை எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். பூட் ஆகாத மெஷினிலிருந்தும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி எடுக்க முடியும். அதைச் செய்யத் தெரியாத இடத்தில் மெஷினைக் கொடுக்காதீர்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கு வைத்திருக்கும் மெஷினைப் பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பதில் தப்பில்லை. டேலி ஃபோல்டரை வாரம் ஒரு முறை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். மாட்டியபடியே விட்டால் அதுவும் இன்னொரு டி டிரைவ்தான். அப்புறம், ஏதாவது கெட்டுப்போனால் உங்களிடம் வந்து சொல்லும் தைரியம் பிள்ளைக்கு இருக்கட்டும். இந்தப் பையன் அப்பாவை எழுப்பியிருந்தால், அவர் எனக்கு போன் செய்திருந்தால், போனிலேயே சரிசெய்திருப்பேன்.

நேற்று மாலை செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். ஜிஎஸ்டி தாக்கல் செய்தவை போர்ட்டலில் இருக்கின்றன. அவற்றிலிருந்து விற்பனைக் கணக்கை எடுத்துவிட்டார்கள். கூலிக்காரர்கள் கணக்குதான் எங்கும் இல்லை. அவர்களே தங்கள் நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், ஓரம் எண்ணெய் படிந்த நீள நோட்டுகள். பையன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக டேலியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று, பிரிக்காத டப்பாவில். இன்னும் இரண்டு பேருடைய நோட்டு வர வேண்டும் என்றார் அப்பா.