கொன்ட்ரோலரை எறிய முதல் அடப்டரைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்லடியில் கடற்கரைப் பக்கமாக ஒரு வீடு. அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் மூவரும் கனடாவில். மூத்த மகன் லீவில் வந்து நின்றபோது கேட் லைட், விறாந்தை லைட், தண்ணீர் மோட்டர் மூன்றையும் போனிலிருந்தே போட்டு நிறுத்துகிற மாதிரி ஒரு கொன்ட்ரோலர் பூட்டிவிட்டுப் போயிருந்தார். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு பொழுது பட்டதும் லைட்டுகள் தானாக அணைந்து அணைந்து எரியத் தொடங்கின. சில நாள் மோட்டர் ஓடவே இல்லை.

"தம்பி, இதுட மூளை பழுதாப் போச்சாம். மகன் புதுசு வாங்கி அனுப்புறன் எண்டு சொல்றான். அதுவரைக்கும் இருட்டுக்குள்ளதான் இருக்கன்" என்றார் அம்மா.

மூளையில் ஒரு பழுதும் இல்லை. அதற்குக் கரண்ட் கொடுக்கிற 5 வோல்ட் அடப்டர்தான் களைத்துப் போயிருந்தது. கொன்ட்ரோலர் சொல்கிறபடி லைட்டையும் மோட்டரையும் போட்டு நிறுத்துகிற சின்னச் சுவிட்சுகள்தான் ரிலேக்கள். எல்லா ரிலேயும் நிறுத்தியிருந்தபோது மீட்டரில் 5.1 வோல்ட் காட்டியது. மூன்று ரிலேயையும் ஒன்றாகப் போட்டதும் 3.9க்கு இறங்கியது. பகலில் ஒரு லைட்டும் தேவையில்லை, ரிலேக்கள் சும்மா கிடக்கும், அடப்டரும் சமாளிக்கும். இரவில் லைட் இரண்டும் எரிய வேண்டும், அதோடு மோட்டரும் சேர்ந்தால் அடப்டரால் இழுக்க முடியாது. கொன்ட்ரோலர் செத்துச் செத்துப் பிழைக்கும். அடப்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே கரண்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் என்ற உருளை ஒன்றின் தலை உப்பியிருந்தது. அடப்டரை மாற்றினேன், அன்று இரவே லைட் எரிந்தது.

மட்டக்களப்பிலும், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இப்படி வீடு வீடாகப் போய் வருகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். "கொன்ட்ரோலர் போயிட்டு" என்று என்னிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவற்றில் கொன்ட்ரோலர் நன்றாகவே இருக்கிறது. பழுது அதற்கு முன்னால், கரண்ட் வருகிற வழியில் இருக்கிறது. ஆனால் சனம் முதலில் எறிவது விலை கூடிய கொன்ட்ரோலரைத்தான். புதியது வாங்கி அதே பழைய அடப்டரில் செருகுகிறார்கள். இரண்டு நாளில் அதுவும் அதே குணம் காட்டும்போது "இந்தச் சாமானே சரியில்லை" என்று முழு வேலையையும் கைவிட்டு விடுகிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளில் இது நடக்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

கரண்ட் வருகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏசி. அடப்டருக்குள் அது முதலில் டிசியாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. அதை வேகமாக வெட்டி வெட்டி ஒரு சின்ன ட்ரான்ஸ்போமருக்குள் விட்டு 5 அல்லது 12 வோல்ட்டாகக் குறைக்கிறார்கள். அந்த 5 வோல்ட்டில் ரிலேக்கள் ஓடும். வைஃபை சிப் ஓடுவது 3.3 வோல்ட்டில், அதைக் கொன்ட்ரோலர் போர்டிலேயே இன்னொரு சின்ன ரெகுலேட்டர் கொடுக்கும். சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் போனில் தெரிவது ஒன்றேதான்: ஓஃப்லைன். அதனால்தான் போனை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன்.

இந்தச் சங்கிலியில் முதலில் சாகிறது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், உள்ளே ஈரப்பசை உள்ள அந்த உருளை. அதன் எதிரி சூடு. உடம்பில் 105 டிகிரி என்று எழுதியிருக்கும், சாதாரண ரகத்துக்கு ஆயுள் அந்தச் சூட்டில் 2000 மணித்தியாலம். சூடு 10 டிகிரி குறையும்போது ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது நாங்கள் பாவிக்கிற கணக்கு. கெப்பாசிட்டர் 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணித்தியாலம், அதாவது மூன்றரை வருடத்துக்கு மேல். அதே கெப்பாசிட்டர் 85 டிகிரியில் கிடந்தால் 8000 மணித்தியாலம், பதினொரு மாதம். இந்த அடப்டர்கள் இரவு பகல் நிற்காமல் ஓடுகிறவை என்பதை நினைவில் வையுங்கள். எங்கள் ஊரில் வயர் தெரியக் கூடாதென்று அடப்டரைச் சீலிங்குக்கு மேலே, கூரைச் சீற்றுக்கு அடியில் ஒளித்து வைக்கிற பழக்கம் இருக்கிறது. சோளகக் காலத்து வெயிலில் அந்த இடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை, காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள்.

அடுத்த எதிரி உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. நாவலடி, கல்லடி, காத்தான்குடிக் கடற்கரை வீதி போன்ற இடங்களில் சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் செப்பு வயரின் நுனி பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். அந்தக் களிம்பு இணைப்பை இளக வைக்கும், இளகிய இணைப்பு சூடாகும், சூடானால் இன்னும் இளகும். ஸ்க்ரூவை இறுக்குவதோடு விடாமல் நுனியை வெட்டி, புதிய செப்பு தெரியச் சீவிப் பூட்டச் சொல்லுங்கள். பல்லியும் எறும்பும் பெட்டிக்குள் போகிற துவாரங்களை அடைப்பதும் அந்த வேலையோடு சேர்ந்தது. செத்த பல்லி குறுக்கே கிடந்து கருகிய போர்டுகளை நான் பல தடவை கையில் எடுத்திருக்கிறேன்.

சரி, எப்படிச் சோதிப்பது? பலர் செய்கிற பிழை, அடப்டரைக் கழற்றி வெறுமனே மீட்டர் வைத்துப் பார்ப்பது. சுமை இல்லாதபோது சாகப்போகிற அடப்டரும் 5 வோல்ட் காட்டும். கொன்ட்ரோலர் இணைந்திருக்க, எல்லா ரிலேயும் போட்டபடி, கொன்ட்ரோலரின் 5 வோல்ட் கால்களில் அளக்க வேண்டும். அடப்டரின் நுனியிலும் கொன்ட்ரோலரின் காலிலும் வித்தியாசமான அளவு வந்தால் இடையில் இருக்கிற வயர் மெல்லியது, அல்லது அளவுக்கு மீறி நீளம். கடையில் நாங்கள் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அடப்டரின் குறுக்கே பிடிப்போம். நல்ல 5 வோல்ட், 1 அம்பியர் அடப்டர் அந்த அரை அம்பியர் சுமையில் அசையாது. களைத்தது உடனே காட்டிக் கொடுக்கும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இஎஸ்பி8266 போன்ற வைஃபை சிப்கள் சிக்னல் அனுப்புகிற கணத்தில் மட்டும் சில நூறு மில்லி அம்பியர் இழுக்கும், அடுத்த கணம் விட்டுவிடும். சாதாரண மல்டிமீட்டர் அந்தச் சரிவைக் காணாது, சராசரியைத்தான் காட்டும். மீட்டரில் 5 வோல்ட் சரியாக இருந்தும் கொன்ட்ரோலர் திரும்பத் திரும்பத் தொடங்கினால், நிச்சயமாக நல்லதென்று தெரிந்த இன்னொரு அடப்டரைப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிட நம்பகமானது இல்லை. மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், பிளஸ் மைனஸ் அதேயாக இருக்க வேண்டும். அம்பியர் கூட இருக்கலாம். "2 அம்பியர் போட்டா எரிஞ்சிடுமே" என்று கிழமைக்கு ஒருவராவது கேட்கிறார்கள். எரியாது. கருவி தனக்குத் தேவையானதை மட்டுமே எடுக்கும். எரிப்பது பிழையான வோல்ட்.

ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியை வைத்து முழு வீட்டையும் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும், திரையில் மின்னல் குறி வரும். திரை இல்லாமல் மூலையில் கிடக்கிற ராஸ்ப்பெரி பையில் அந்தக் குறியை யார் காண்பது? அதன் பதிவை இடைக்கிடை திறந்து பாருங்கள். மெமரி கார்ட் அடிக்கடி பழுதாகிறதென்றால் கார்டை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம், அடப்டரையும் பாருங்கள்.

இனி, உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். சுவிட்ச் பெட்டிக்குள் வைக்கிற மலிவான வைஃபை சுவிட்ச் மொடியூல்கள் சிலவற்றில் ட்ரான்ஸ்போமரே இல்லை. ஒரு பெரிய பிலிம் கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டிலிருந்து நேரடியாகக் கொஞ்சம் கரண்ட் எடுத்து ஓடும். 0.47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஏறத்தாழ 34 மில்லி அம்பியர் தரும். அந்தக் கெப்பாசிட்டர் வோல்ட் திடீரென்று எகிறுகிற ஒவ்வொரு அதிர்ச்சியிலும் உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து 0.2க்கு வந்தால் கிடைப்பது 14 தான். ரிலே "டிக் டிக்" என்று துடிக்கும், பிடிக்காது. அளந்து மாற்றினால் மொடியூல் பிழைக்கும். ஆனால் இப்படிப்பட்ட போர்டில் 3.3 வோல்ட் கால் என்று நினைத்துத் தொடுகிற இடமும் மெயின் கரண்டோடு நேரடியாக இணைந்தது. கரண்ட் இருக்கும்போது அதில் லப்டொப் கேபிளைச் செருகினால் லப்டொப் போகும், தொட்டுக்கொண்டிருக்கிற ஆளும் போகலாம். மெயின் சுவிட்சை நிறுத்தி, டெஸ்டர் பிடித்துப் பார்த்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். நிறுத்திய பிறகும் அடப்டருக்குள் இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் அந்த 325 வோல்ட் தேங்கி நிற்கலாம். வீடியோ பார்த்துவிட்டு அடப்டரைத் திறக்க நினைக்கிற தம்பிமாருக்குச் சொல்கிறேன்: அதை வெளியிலிருந்து சோதிக்கலாம், பழுதென்றால் முழுதாக மாற்றலாம். திறக்க வேண்டாம். வீட்டில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உண்மையில் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கனடாவிலிருந்து உறவுகள் அனுப்புகிற சாமான்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அடப்டரில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் சுவரில் செருகக் கூடாது. அன்போடு அனுப்பிய பெட்டி ஒரு நொடியில் புகைவதை நான் பார்த்திருக்கிறேன். சுவிட்ச் மொடியூல் என்றால் இன்னும் கவனம், அதன் உட்பகுதி முழுவதும் அந்த 120க்காகச் செய்ததாக இருக்கலாம்.

2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் ரவுட்டருக்கென்று சின்ன யூபிஎஸ் வாங்காத வீடு குறைவு. அவற்றுக்குள் இருக்கிற பற்றரிகள் இப்போது களைத்துவிட்டன. கரண்ட் இருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், போன கணத்தில் வோல்ட் குப்புற விழுந்து ரவுட்டர் மறுபடி தொடங்கும், வீட்டின் அத்தனை மொடியூலும் ஓஃப்லைன் ஆகும். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரே அடப்டரில் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: மூன்று முதல் ஐந்து தடவை அடுத்தடுத்து அணைத்துப் போட்டால் புதிதாக இணைக்கிற நிலைக்குப் போகிற வைஃபை பல்புகள் பல உண்டு. கரண்ட் வந்து வந்து போகிற இரவில் அவை தாமாகவே அந்த நிலைக்குப் போய்ச் சிமிட்டிக்கொண்டிருக்கும். பல்பு பழுதில்லை, திரும்ப இணைத்தால் சரி.

தண்ணீர் மோட்டர்தான் எனக்கு அதிக வேலை தருவது. ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கிறதே, மோட்டருக்கு 5 அம்பியர்தானே என்று நேரடியாகப் பூட்டிவிடுகிறார்கள். அந்த 10 அம்பியர் ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டர் கிளம்புகிற கணத்தில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். போனில் "நிறுத்து" என்றால் நின்றதாகக் காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், டாங்கி வழியும், கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டரே எரியும். இடையில் மோட்டரின் சுமையைத் தாங்குகிற பெரிய ரிலேயான கொன்டாக்டர் ஒன்றைப் போடுங்கள், ரிலே கொன்டாக்டரை மட்டும் இயக்கட்டும். கொன்டாக்டரின் சுருள் அணையும்போது கிளம்புகிற அதிர்ச்சி கொன்ட்ரோலரை மறுபடி தொடங்க வைக்கலாம். சுருளின் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 100 ஓம் ரெசிஸ்டரும் சேர்ந்த ஸ்னப்பர் ஒன்று போட்டால் அதுவும் அடங்கும். மோட்டர் நிற்கிற போதெல்லாம் கொன்ட்ரோலர் காணாமல் போகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், வருவதில்லை. அதற்கென்று விற்கிற மொடியூல் பல்பு வழியாகவே சொட்டுக் கரண்ட் எடுத்து ஓடும், அதனால் சிறிய எல்இடி பல்பு அணைத்த பிறகும் மங்கலாக எரியும். பல்பின் குறுக்கே போடுகிற சின்ன கெப்பாசிட்டரை மொடியூலோடு சேர்த்தே தருவார்கள். தேவையில்லை என்று நினைத்து அதை எறிந்துவிடாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரத்து இடி தொடங்கிவிட்டால் பிளக்கைக் கழற்றுவதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. அதிர்ச்சியைத் தாங்கவென்று மொடியூலுக்குள் இருக்கிற நீல வட்டமான வரிஸ்டர், வாங்கிய ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் பலவீனமாகும். அது வெடித்துக் கருகியிருந்தால் தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம், அதை வெட்டிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். காற்றடித்த பிறகு வீட்டில் பல்புகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், அல்லது சிலது கூடிச் சிலது மங்கினால், நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது உங்கள் சுவரில் 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். ஒன்றையும் சோதிக்க நிற்காமல் மெயினை நிறுத்துங்கள், பிறகு மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

அந்தக் கல்லடி அம்மாவின் வீட்டில் அடப்டர் மாற்றிய அன்றே இன்னொரு வேலையும் செய்தேன். கேட் லைட்டுக்கும் விறாந்தை லைட்டுக்கும் ரிலேக்குச் சமாந்தரமாகச் சாதாரணச் சுவிட்ச் ஒவ்வொன்று, மோட்டரின் கொன்டாக்டருக்கு ஒன்று. போனும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம், கையால் தட்டினால் எரியும். மகனிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் மார்க்கரால் பெரிதாகக் "கேட்", "விறாந்தை", "தண்ணி" என்று எழுதி ஒட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.