ஜனவரியின் அரைக்கால் டாலர்

நியூயார்க் பங்குச்சந்தையின் 1904 முதல் 1974 வரையான விலைகளை மைக்கேல் ரோசெஃப், வில்லியம் கின்னி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற மாதங்களின் சராசரி லாபம் அரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஜனவரியில் மட்டும் சுமார் மூன்றரை சதவீதம். அவர்கள் எடுத்த கணக்கில் பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் ஒரே எடை. 1983-இல் டொனால்ட் கைம் இரண்டையும் பிரித்தபோதுதான் விஷயம் துலங்கியது: துள்ளி ஏறியவை சின்னக் கம்பெனிப் பங்குகள். அந்தத் துள்ளலிலும் பாதிக்கு மேல் ஜனவரியின் முதல் வாரத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதல் வாரம் என்றதும் வருமான வரி நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கு வரி ஆண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. பத்து டாலருக்கு வாங்கிய பங்கு இரண்டு டாலருக்கு விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். ஆண்டு முடிவதற்குள் விற்றால் அந்த எட்டு டாலர் நஷ்டத்தை வேறு பங்கில் வந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதே பங்கை 30 நாளுக்குள் திரும்ப வாங்கினால் அந்தக் கழிவு கிடையாது. அதனால் விற்ற பணம் சில நாள் சும்மா இருந்துவிட்டு, புத்தாண்டு பிறந்ததும் வேறு சின்னப் பங்குகளைத் தேடிப் போகிறது. டிசம்பர் கடைசியில் விற்பவர் கூட்டம், ஜனவரி தொடக்கத்தில் வாங்குபவர் கூட்டம்.

இதில் பெரும்பங்கு வரிக்குத்தான் என்பது என் எண்ணம். ஆனால் முழுப் பங்கும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வரி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. ஜூலையில் மட்டும்தானே ஏற வேண்டும்? பார்த்தபோது ஜூலையிலும் ஏறியிருந்தது, ஜனவரியிலும் ஏறியிருந்தது.

இன்னொரு காரணம் விலை எழுதப்படும் விதத்திலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அன்றைய நியூயார்க் சந்தையில் விலை அரைக்கால் அரைக்காலாக நகரும். அரைக்கால் டாலர் என்றால் பன்னிரண்டரை சென்ட். ஒரு பங்குக்கு வாங்குபவர் சொல்லும் விலை 1.875 டாலர், விற்பவர் சொல்லும் விலை 2 டாலர். டிசம்பர் 31 அன்று எல்லோரும் விற்கும் அவசரத்தில், வாங்குபவர் கொடுத்த விலைக்கே தள்ளுகிறார்கள். கடைசி விலை 1.875 என்று பதிவாகிறது. அடுத்த வர்த்தக நாளில் எல்லோரும் வாங்க வருகிறார்கள். விற்பவர் கேட்ட 2 டாலர் பதிவாகிறது. கம்பெனியில் ஒரு துரும்பும் அசையவில்லை, இருவர் சொன்ன விலைகளும் மாறவில்லை. ஏட்டில் மட்டும் ஒரே நாளில் ஆறரை சதவீதத்துக்கு மேல் லாபம்! நூறு டாலர் பங்கில் இதே அரைக்கால் கண்ணுக்கே தெரியாது. டிசம்பர் முடிவு விலைகள் வாங்குபவர் பக்கமும் ஜனவரி விலைகள் விற்பவர் பக்கமும் சாய்ந்திருப்பதை 1989-இல் கைமே எடுத்துக்காட்டினார்.

2001-இல் அந்தச் சந்தை பின்னங்களை விட்டு சென்ட் கணக்குக்கு மாறியது. இரு விலைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி சுருங்கியது. அதற்கு முன்பு, ஏட்டில் இருந்த லாபத்தை நம்பி டிசம்பர் 31-இல் உள்ளே போனவர் வாங்கியிருக்கக்கூடிய விலை 2 டாலர். ஜனவரியில் விற்கப் போனால் கைக்குக் கிடைப்பது 1.875.