வேலிக்கு அப்பால் கொட்டினால் உரமாகாது

போன சனிக்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பக்கம் சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்தின் வேலி ஓரத்தில் மறுபடியும் ஒரு குவியல். இந்த மாதத்தில் இது நான்காவது. மழையில் ஊறி இடுப்பளவு கிடந்தது. கையுறை மாட்டிக்கொண்டு கிளறினேன். வெட்டிய புல், மஞ்சள் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும் மலைவேம்புக் கிளைகள், உடைந்த தொட்டியோடு ஒரு ரணகள்ளி, சுருட்டிக் கட்டிய கொடி ஒரு கட்டு. கட்டை உதறியதும் சின்னச் சின்னக் கிழங்குகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மடெய்ராக் கொடி. ஒவ்வொரு கிழங்கும் ஒரு புதுக் கொடியாகும்.

அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கி, அதாவது பின்னால் திறந்த சின்னச் சுமை வண்டி, வந்து நின்றது. பின்னால் நிறையத் தோட்டக் குப்பை. இறங்கிய பெரியவர் என்னைப் பார்த்துத் தயங்கவே இல்லை. "பச்சைதானே தம்பி, மண்ணோட மண்ணாப் போயிடும். உரம்தானே?" என்றார்.

டர்பனில் இருபத்திரண்டு வருஷமாக அந்நியக் களை அகற்றுகிற வேலை பார்க்கிறேன். இந்த 'உரம்தானே'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் ஒருமுறை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அது மக்காது. முறையாகப் போட்ட உரக்குழி உள்ளே 55 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அடிக்கடி புரட்டிவிட்டு, அந்தச் சூடு பல நாள் நின்றால்தான் களை விதை சாகும். வேலி ஓரம் கொட்டிய குவியலுக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? ஈரமும் நிழலும் கிடைத்ததும் உள்ளே இருப்பது முளைக்கும். ரணகள்ளியின் இலை விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வரிசையாகக் குட்டிச் செடிகள் உட்கார்ந்திருக்கும். ஒன்று தரையைத் தொட்டால் போதும். நீங்கள் குப்பை கொட்டவில்லை, நாற்று நட்டுவிட்டுப் போகிறீர்கள்.

இரண்டாவதைத்தான் யாரும் நம்புவதில்லை. மக்கினாலும் கேடுதான். நம் கரையோரப் புல்வெளி சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகியது. அந்த மண் ஏழையாக இருப்பதால்தான் அங்கே இத்தனை வகைப் புல்லும் பூவும் கிழங்கும் ஒன்றையொன்று அமுக்காமல் பிழைக்கின்றன. அதில் உரம் போட்டால் செழிப்பது உண்ணிச்செடியும் குரோமோலீனா என்ற அந்நியப் புதரும்தான். குவியலுக்கு அடியில் இருந்த புல் வெயில் படாமல் செத்துவிடும். குவியலை அள்ளி எடுத்த பிறகும் அந்த வட்டத்தில் வருஷக்கணக்காகக் களைதான் வரும். தக்காளிக்கு நல்லது காட்டுக்கும் நல்லது என்ற நினைப்பை முதலில் விடுங்கள்.

குரோமோலீனாவை அடையாளம் காண்பது சுலபம். இலைக் காம்பிலிருந்து மூன்று நரம்பு சூலாயுதம் மாதிரி பிரியும். கசக்கினால் டர்பன்டைன் வாடை. இது நம் துறைமுகம் வழியாக 1940களில் வந்ததாகச் சொல்வார்கள். தோட்டத்தில் கண்டால் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். அந்நியச் செடிகள் பற்றிய சட்டவிதிகளின்படி இதையும் உண்ணிச்செடியையும் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரர் பொறுப்பு.

மலைவேம்பு விஷயத்தில் அதட்ட எனக்கு மனசு வரவில்லை. வேப்பிலை கிடைக்காத ஊரில் மாரியம்மனுக்கு அந்தத் தழையைத்தான் நம் வீடுகளில் ஒடித்தார்கள். என் பாட்டியும் ஒடித்தவள். ஊருக்குள் ஏற்கெனவே நிற்கிற மரம் நிற்கட்டும், சட்டமும் அதற்கு இடம் தருகிறது. புதிதாக நடாதீர்கள். காய் பழுக்கும் முன் கொத்தை வெட்டிவிடுங்கள், பறவை தின்று ஓடைக்கரை முழுக்கப் பரப்பும். நிழலுக்கு மரம் வேண்டுமென்றால் உம்குஹ்லு வையுங்கள். நேட்டால் மஹோகனி என்பார்களே, அதுதான். வேம்புக்குப் பங்காளி, இந்த மண்ணுக்கே சொந்தம்.

ஓடை என்றதும் 2022 ஏப்ரல் நினைவுக்கு வருகிறது. அந்த வெள்ளத்தில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய மழையைக் குப்பை கொண்டுவரவில்லை, தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நான் சுத்தம் செய்யப் போன மதகுகளில் கிளையும் புல்கட்டும் அடைத்துக் கிடந்ததை என் கையால் இழுத்துப் போட்டிருக்கிறேன்.

நம்மவர்கள் இதைச் செய்யும்போது கூடுதலாக வலிக்கிறது. 1860இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் நாம். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தால் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் போட்டபோதும், கையளவு முற்றத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள் நம் தாத்தாக்கள். இந்த நகரத்தின் பூங்காப் பெஞ்சுகளில் என் அப்பா உட்கார முடியாத காலம் இருந்தது. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து வைத்த அந்த வேறொரு சட்டம் போனது 1990இல்தான். இன்றைக்கு எந்தப் பூங்காவும் நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பாத்திரத்தோடு பொட்டானிக் கார்டன்ஸ் போகிறோம், 1849இல் தொடங்கிய தோட்டம் என்று பெருமையாகப் படமும் எடுக்கிறோம். வீட்டுச் சுவருக்குப் பின்னால் இருக்கிற காப்பகம் மட்டும் நமக்குக் குப்பை மேடா?

அங்கே மூலிகை நாற்றுப்பண்ணை இருப்பது பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியவில்லை. பட்டையை உரித்து உரித்தே காட்டில் அரிதாகிவிட்ட மிளகுப்பட்டை மரமும், நம் மஞ்சளுக்கு உறவான காட்டு இஞ்சியும் வைத்தியர்களின் தேவைக்காக அங்கே வளர்க்கப்பட்டவை.

இன்னொன்று. குளிர்கால முடிவில் ஊழியர்கள் புல்லைக் கொளுத்தினால் 'காட்டை எரிக்கிறார்கள்' என்று எனக்குப் போன் போடாதீர்கள். புல்வெளிக்குத் தீ வேண்டும், இல்லாவிட்டால் புதர் மூடிவிடும். புல் தீ சரசரவென்று ஓடிப்போகும், வேர் பிழைக்கும். நீங்கள் கொட்டிய குவியலில் பிடித்த தீயோ ஒரே இடத்தில் நின்று கனன்று வேரையும் வேக வைக்கும்.

ஆகவே, தயவுசெய்து: புல்லையும் சருகையும் உங்கள் வீட்டுக் குழியிலேயே போடுங்கள். கிழங்கு, விதை, காய், ரணகள்ளி எதுவும் அதில் சேரக்கூடாது. அவற்றைப் பையில் இறுக்கிக் கட்டி மாநகராட்சியின் தோட்டக் கழிவுக் கிடங்குக்குக் கொண்டுபோங்கள். தோட்டக்காரரிடம் காசு கொடுத்து 'எங்கேயாவது போட்டுவிடு' என்று சொன்னால் போட்டது நீங்கள்தான். பூசை முடிந்த மாலையையும் கற்பூர உறையையும் ஓடையில் விடாதீர்கள்.

பெரியவர் அன்றைக்கு பக்கியைத் திருப்பிக்கொண்டு போனார், கோபமாகத்தான். ஐயா, இதைப் படித்தால் ஒரு காலை வாருங்கள். புல் எரிந்த சில வாரத்தில், கருகிய தரையில் ஒரு இலைகூட இல்லாமல் தண்டு மட்டும் நீட்டிச் சிவப்பாகத் தீ அல்லி பூக்கும். தனியாக வர வேண்டாம், நாலு பேராக வாருங்கள். மூடிய செருப்பு, நீளக் கால்சட்டை, தண்ணீர். உண்ணி இருக்கும், வீட்டுக்குப் போனதும் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை என்னிடம் கூடுதலாக இருக்கிறது.